ஹெட்டை மாற்றினால் கம்ப்ரஷன் எவ்வளவு ஏறும்?

அமெரிக்காவில் பழைய செவ்ரோலெட் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு எண்கள் வந்துவிடும்: 64, 76. சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டின் அடிப்பக்கம் உள்ள குழியில் எத்தனை சிசி பிடிக்கும் என்பதற்கான எண்கள் அவை. எழுபதுகளில் வந்த 350 கன அங்குல வி8 இன்ஜின்கள் பலவற்றில் 76 சிசி ஹெட்தான் இருக்கும். 1996-இல் அதே 350-இன் டிரக் வடிவத்துக்கு ‘வோர்டெக்’ என்ற பெயரில் வந்த ஹெட்டில் குழி 64 சிசி. காயலான் கடை வண்டியிலிருந்து இந்த வோர்டெக் ஹெட்டைக் கழற்றிப் பழைய இன்ஜினில் பூட்டுவது அங்கே பல ஆண்டுகளாக நடக்கும் வேலை.

பூட்டியவர்களைக் கேட்டால் ஒருவர் “கம்ப்ரஷன் பத்தைத் தாண்டிவிட்டது” என்பார். இன்னொருவர் அதே ஹெட்டைப் போட்டு ஒன்பதுதான் வந்தது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். எப்படி என்று பார்க்கக் கணக்குக்குள் இறங்க வேண்டும். பெரிய கணக்கு இல்லை, பள்ளியில் படித்த உருளையின் கன அளவுதான்.

அதற்கு முன் ஒரு கேள்வி. அந்தப் பழைய ஹெட்டில் குழி ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? செவ்ரோலெட்டுக்குச் சிறிய குழி செய்யத் தெரியாமல் இல்லை. 1970-இல் கார்வெட்டில் வந்த எல்டி-1 என்ற 350 இன்ஜினின் அமுக்க விகிதம் (இவர்கள் கம்ப்ரஷன் என்று சொல்வது) 11. அதாவது பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடம், மேலே வந்தபின் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அடுத்த ஆண்டே அது 9-க்கு இறங்கியது. விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறன் 370-இலிருந்து 330 ஆனது. காரணம் ஈயம். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் டெட்ரா எத்தில் ஈயம் கலந்து நாக்கிங்கை, அதாவது அமுக்கம் கூடும்போது கலவை தானாகத் தீப்பிடித்து இன்ஜின் தட்டுவதை, அடக்கினார். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள் அமுக்க விகிதத்தை ஏற்றிக்கொண்டே போக முடிந்தது அந்த ஈயத்தின் தயவால்தான். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்த வேண்டும் என்ற நிலை உருவானதும் ஈயம் ஆகாமல் போயிற்று. கன்வெர்ட்டரின் பிளாட்டினப் பூச்சை அது கெடுத்துவிடும். கன்வெர்ட்டர் பரவலாக வந்தது 1975 மாடல்களில். ஆனால் ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1971-லேயே தன் இன்ஜின்களின் அமுக்கத்தைக் குறைத்துவிட்டது. 76 சிசி குழி அந்தக் காலத்தின் சொத்து. இன்றைய ஆட்கள் செய்வது ஒருவகையில் அதைத் திருப்பிப் போடும் வேலை.

சரி, கணக்கு. 350-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 4 அங்குலம் (101.6 மி.மீ.). ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3.48 அங்குலம் (88.4 மி.மீ.). போரின் வட்டப் பரப்பு 10.16 × 10.16 × 0.7854 = 81.07 சதுர செ.மீ. அதை 8.84 செ.மீ. ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு 716.6 சிசி. எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து 5.7 லிட்டர். பிஸ்டன் பெருக்கித் தள்ளும் இந்த இடம் ஹெட்டை மாற்றினாலும் மாறாது.

மாறுவது, பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிச்சம் இருக்கும் இடம். அதை மிச்ச இடம் என்றே சொல்லிக்கொள்வோம். அமுக்க விகிதம் என்பது 716.6-ஐ மிச்ச இடத்தால் வகுத்து, வரும் எண்ணோடு ஒன்றைக் கூட்டுவது. ஒன்றை ஏன் கூட்ட வேண்டும் என்றால், பிஸ்டன் கீழே இருக்கும்போது மேலுள்ள மிச்ச இடமும் மொத்தத்தில் சேர்த்திதான். இந்த ஒன்றை விட்டுவிட்டு, தன் இன்ஜினில் கம்ப்ரஷன் குறைவு என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் வேறு. மிச்ச இடம் என்றால் ஹெட்டின் குழி மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் போட்டால் 716.6-ஐ 64-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டி 12.2 வரும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் எண்ணெயில் அந்தப் பழைய இன்ஜின் அந்த விகிதத்தில் ஒழுங்காக ஓடாது. நல்லவேளையாக அந்த எண் உண்மையும் இல்லை.

ஹெட்டின் குழிக்குக் கீழே இன்னும் மூன்று இடங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட்டின் தடிப்பு. நசுங்கியபின் 1 மி.மீ. இருக்கும் கேஸ்கட்டில் உள்ள ஓட்டை போரைவிடச் சற்றுப் பெரிது, 104 மி.மீ. என்று வையுங்கள். அதில் 8.5 சிசி அடங்கும். இரண்டு, டெக் இடைவெளி. தொழிற்சாலையிலிருந்து வந்த 350-இல் பிஸ்டன் உச்சிக்கு வந்தாலும் பிளாக்கின் மேல்தளத்தைத் தொடாது. 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ. போலத் தாழ்ந்தே நிற்கும். அந்த மெல்லிய தட்டு வடிவ இடம் 5.2 சிசி. மூன்று, பிஸ்டனின் தலை. மட்டமான பிஸ்டன் என்று சொல்வதில்கூட வால்வு இடிக்காமல் இருக்க நான்கு வெட்டுகள் இருக்கும், அவற்றுக்கு ஒரு 6 சிசி. பிஸ்டனின் தலை கிண்ணம்போலக் குழிந்திருந்தால் இது இன்னும் கூடும். மேடாக இருந்தால் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும்.

இப்போது பழைய ஹெட்டோடு கூட்டிப் பாருங்கள். 76, 8.5, 5.2, 6 எல்லாம் சேர்ந்து 95.7 சிசி. விகிதம் 8.5. அதே இன்ஜின், அதே கேஸ்கட், ஹெட் மட்டும் 64 சிசி என்றால் மிச்ச இடம் 83.7, விகிதம் 9.6. ஹெட்டை மட்டும் மாற்றியதில் ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் மேலே ஏறியது.

முதலில் சொன்ன இருவர் கதைக்கு வருவோம். பத்தைத் தாண்டியவர் மட்டப் பிஸ்டன் வைத்திருந்தார், கேஸ்கட்டும் 0.38 மி.மீ. தடிப்புள்ள மெல்லிய எஃகுத் தகடு. கேஸ்கட்டில் 8.5-க்குப் பதில் 3.2 சிசிதான். மிச்ச இடம் 78.4, விகிதம் 10.1. ஒன்பது வந்தவரின் பிஸ்டன் தலையில் 12 சிசி கிண்ணம், கேஸ்கட் தடியானது. மிச்ச இடம் 89.7, விகிதம் 9.0. ஹெட் ஒன்றேதான். ஆகவே “இந்த ஹெட் போட்டால் எவ்வளவு வரும்?” என்ற கேள்விக்கு, கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பிஸ்டன் பெட்டியின் மேல் ‘9.5’ என்று அச்சடித்திருப்பதும் இதே வகைதான். அவர்கள் மனத்தில் வைத்த ஹெட்டும் கேஸ்கட்டும் டெக் உயரமும் நம்முடையதாக இருந்தால்தான் அது பொருந்தும்.

சின்ன இன்ஜினில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாக வெட்டும். என் நண்பன் ஒருவன் தன் பழைய ஸ்ப்ளெண்டரின் ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்துத் தளம் சீவி வாங்கினான். கேஸ்கட் கசிந்துகொண்டிருந்தது, ஆகவே சீவியது சரியான வேலைதான். “எவ்வளவுண்ணே எடுத்தீங்க?” என்று கேட்டதற்கு, “லைட்டாதான் தம்பி, ரெண்டு பாஸ் ஓட்டினேன்” என்று பதில் வந்தது. வண்டியைப் பூட்டி மேம்பாலம் ஏறினால் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவதுபோல ஒரு சத்தம். நாக்கிங். திரும்பக் கழற்றி, சீவாத இன்னொரு ஹெட்டோடு வைத்து வெர்னியரில் அளந்தோம். அரை மில்லிமீட்டர் போயிருந்தது.

அரை மில்லி என்ன செய்யும்? அந்த இன்ஜினின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5, மொத்தம் 97.2 சிசி. பழைய மாடலின் அமுக்க விகிதம் 9. அப்படியானால் மிச்ச இடம் 97.2-ஐ 8-ஆல் வகுத்த 12.15 சிசி. தேக்கரண்டியால் அளந்தால் மூன்றுகூட வராது. குழியின் வாய் முழுப் போர் அகலம் என்று கொண்டால் அரை மில்லிக்கு 1 சிசி போகும். மிச்சம் 11.2, விகிதம் 9.7. அதே அரை மில்லியைச் செவ்ரோலெட் ஹெட்டில் சீவினால் ஏறுவது சுமார் 0.3-தான். 0.15 மி.மீ.க்கு ஒரு சிசி என்பது அங்குள்ளவர்களின் கைக்கணக்கு. அந்தக் குழியின் வாய் முழு வட்டம் அல்ல, அவரை விதை வடிவம். அதனால் போரின் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாக வரும்.

கணக்கு எளிது, அளப்பதுதான் வேலை. ஹெட்டில் 64 என்று பெயர் இருந்தாலும் கையில் இருப்பது 64 என்று நம்ப முடியாது. வார்ப்பிலேயே ஒன்றிரண்டு சிசி முன்பின் இருக்கும். யாராவது முன்பே சீவியிருக்கலாம். வால்வு சீட்டை அரைத்து அரைத்து வால்வுகள் உள்ளே அமிழ்ந்திருக்கலாம். வோர்டெக் ஹெட்டின் உறிஞ்சு வால்வு 1.94 அங்குலம், புகை வால்வு 1.5. இரண்டும் ஒரு மில்லிமீட்டர் அமிழ்ந்தால் குழி 3 சிசி பெரிதாகிவிடும். மிச்ச இடம் 83.7 இருக்கும் இன்ஜினில் ஒரு சிசிக்கு விகிதம் 0.1 நகரும். ஆக இந்தச் சில்லறை எல்லாம் சேர்ந்தால் சில்லறை இல்லை.

அளக்க வேண்டியது இப்படி. ஹெட்டைக் கவிழ்த்து, குழி மேல்நோக்கி இருக்க மேசையில் வைக்க வேண்டும். வால்வுகளைப் பூட்டி, சீட்டில் துளி கிரீஸ் தடவி, ஸ்பார்க் பிளக்கையும் முறுக்கிவிட வேண்டும். அந்த இன்ஜினில் போடப்போகிற அதே பிளக்காக இருந்தால் நல்லது. குழியின் வாயைச் சுற்றிக் கிரீஸை மெல்லிய கோடாக இழுத்து, தடித்த அக்ரிலிக் தகடு ஒன்றை அழுத்தி ஒட்ட வேண்டும். தகட்டின் ஓரத்தில் பென்சில் அளவுக்கு ஓர் ஓட்டை. ஹெட்டின் ஒரு பக்கத்துக்குச் சின்ன ஆப்பு கொடுத்து, ஓட்டை இருக்கும் முனை மேலே வரும்படி சாய்த்தால் காற்றுக் குமிழ் அந்த வழியாக வெளியேறும். பிறகு பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பார்த்ததுபோன்ற, ஆனால் நூறு சிசி பிடிக்கும் பியூரெட்டை நிரப்பி, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். வெறும் தண்ணீர் பரப்பு இழுவிசையால் மூலையில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் கொஞ்சம் நிறமும் கலந்தால் சமர்த்தாக இறங்கும். தகட்டின் அடியில் கடைசிக் குமிழ் மறையும் கணத்தில் குழாயை மூடி அளவைப் படிக்க வேண்டும். எட்டுக் குழிகளுக்கும் இதே வேலை. ஒன்றை அளந்துவிட்டு மற்ற ஏழும் அதேபோல்தான் இருக்கும் என்று போகிறவர்கள், குழிகளுக்குள் ஒன்றரை சிசி வித்தியாசத்தைக் கவனிக்காமல் விடுவார்கள்.

பிஸ்டனின் தலையை அளக்க இதைவிட அழகான வழி ஒன்று உண்டு. டயல் கேஜ் வைத்துப் பிஸ்டனின் மட்டப் பகுதியைப் பிளாக் தளத்திலிருந்து சரியாக ஓர் அங்குலம் கீழே இறக்க வேண்டும். போரின் பரப்பு தெரியும் என்பதால் மேலே 205.9 சிசி இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. தகட்டை ஒட்டி நிரப்பிப் பார்த்தால் 211.9 பிடிக்கிறது. கூடுதலாகப் பிடித்த 6 சிசிதான் வால்வு வெட்டுகள். வெட்டின் வடிவத்தை வரைந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி ஒரு தவறான வைத்தியம். விகிதம் கூடிப்போய் நாக்கிங் வந்தால், தடித்த கேஸ்கட் போட்டு இறக்கிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். என் நண்பனுக்கும் இரண்டு கேஸ்கட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடச் சொல்லி யோசனை வந்தது. கணக்குப்படி விகிதம் இறங்கும், உண்மைதான். ஆனால் நாக்கிங் இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வோர்டெக் ஹெட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் குழிக்குப் பக்கத்தில் ஒரு மட்டமான பகுதி போரின் மேல் கூரைபோல நீண்டிருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் கூரைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மாட்டிய கலவை பிதுங்கி, பிளக் இருக்கும் பக்கம் வேகமாகப் பாயும். கலவை கலங்கிச் சுழன்று சீக்கிரம் எரிந்து முடியும், தானாகத் தீப்பிடிக்க நேரம் இருக்காது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஹாரி ரிக்கார்டோ சைடு வால்வு இன்ஜின்களுக்குச் செய்த ஹெட்டில் இதே சூட்சுமம்தான். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். நம் உதாரணத்தில் டெக் 0.64, தடிக் கேஸ்கட் 1.0, சேர்த்து 1.64 மி.மீ. பிதுக்கம் பாதி செத்துவிட்டது. மெல்லிய எஃகு கேஸ்கட் போட்டால் 1.02 மி.மீ., பிரமாதம், ஆனால் விகிதம் 10.1.

இரண்டையும் பிடிக்க வழி இருக்கிறது. மெல்லிய கேஸ்கட்டையே போட்டு, மட்டப் பிஸ்டனுக்குப் பதில் 12 சிசி கிண்ணம் உள்ள பிஸ்டனைப் போடுங்கள். மிச்ச இடம் 64, 3.2, 5.2, 12 சேர்ந்து 84.4. விகிதம் 9.5. தடிக் கேஸ்கட்டில் வந்த 9.6-க்குக் கிட்டத்தட்ட சமம், ஆனால் இடைவெளி ஒரு மில்லியாகவே நிற்கிறது. கிண்ணம் குழிக்கு நேர் கீழே மட்டும் இருந்து, கூரைக்கு எதிரே உள்ள பகுதி மட்டமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. காகிதத்தில் ஒரே எண் வரும் இரண்டு இன்ஜின்களில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அமுக்க விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு இந்த இடைவெளியைக் கேட்காதவர் பாதிக் கணக்கைத்தான் கேட்டிருக்கிறார்.

இத்தனை பாடும் எதற்கு, லாபம் எவ்வளவு? 8.5-இலிருந்து 9.6-க்கு ஏறினால் பாடப்புத்தகச் சூத்திரப்படி வெப்பத் திறன் கூடுவது மூன்று, நான்கு சதவீதம். அவ்வளவுதான். வோர்டெக் போட்டவர்கள் வண்டி பறக்கிறது என்று சொன்னால் அதில் பெரும்பங்கு அந்த ஹெட்டின் காற்று வழிகளுக்கும் குழியின் வடிவத்துக்கும் சேர வேண்டியது. விகிதத்துக்குப் பேர் போகிறது, வேலை பார்த்தது வேறு.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டும் இதற்குள் மூக்கை நுழைக்கும். பிஸ்டன் கீழிருந்து மேலே கிளம்பியதும் அமுக்கம் தொடங்கிவிடுவதில்லை. உறிஞ்சு வால்வு இன்னும் திறந்தே இருக்கும், அது மூடியபின்தான் காற்று மாட்டும். கீழ்முனை தாண்டி 60 பாகையில் வால்வு மூடினால், 5.7 அங்குல கனெக்டிங் ராடு உள்ள 350-இல் மிச்சம் ஓட வேண்டிய தூரம் 88.4-இல் 71.4 மி.மீ. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 9.6 என்ற இன்ஜின் உண்மையில் அமுக்குவது 7.9 மடங்கு. ரேஸ் கேம் போட்டு வால்வு 72 பாகையில் மூடினால் அதுவே 7.2. அதனால்தான் பெரிய கேம் உள்ள இன்ஜின் உயர்ந்த விகிதத்தைத் தாங்குகிறது, சாதுவான கேம் உள்ளது தாங்குவதில்லை. கம்ப்ரஷன் கேஜை பிளக் துளையில் செருகிப் படிக்கும் எண்ணையும் இதனால்தான் நேராக விகிதமாக மாற்ற முடியாது.

அமெரிக்கர்கள் எழுதுவதைப் படிக்கும்போது ஆக்டேன் எண்ணில், அதாவது பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்ணில், ஏமாறக் கூடாது. அவர்கள் பங்கில் எழுதியிருக்கும் 87 என்பது இரண்டு சோதனை முறைகளின் சராசரி. நம் நாட்டு பங்கில் நெடுநாள் சொல்லிவந்த 91 அவற்றில் கூடுதலாக வரும் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்வது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரம். “93 பெட்ரோலில் பத்து விகிதம் ஓடும்” என்று அவர்களில் ஒருவர் சொன்னால் அந்த 93 நம் கணக்கில் 97, 98-ஐத் தொடும்.

வோர்டெக் ஹெட்டைப் பழைய பிளாக்கில் வைக்க வேறு சில தொல்லைகளும் உண்டு. ஹெட்டுக்குக் கலவையைக் கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் அமைப்பு பழையதோடு பொருந்தாது, அதற்கென்று வேறு வாங்க வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகள் சுமார் 0.460 அங்குலத்துக்கு மேல் வால்வு லிஃப்ட்டை (வால்வு திறக்கும் தூரத்தை) தாங்காது, பெரிய கேம் போடுகிறவர் அங்கே கடைசல் வேலை செய்தாக வேண்டும்.

எல்லாம் அளந்து, கூட்டி, எண் பிடித்துப்போனாலும் உடனே ஹெட்டைக் கடைசி முறுக்கு முறுக்கிவிட வேண்டாம். பிஸ்டன் தலையில், வால்வு வெட்டுகளிலும் கூரைக்கு எதிரிலும், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கொஞ்சம் அப்பி, எண்ணெய் தொட்டுவிட்டு, ஹெட்டைப் பழைய கேஸ்கட்டோடு உட்காரவைத்து, கையால் கிராங்கை மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் களிமண்ணில் வால்வின் தடம் பதிந்திருக்கும். அதைப் பிளேடால் நறுக்கி வெர்னியரில் அளந்தால், நசுங்கி மிச்சமிருக்கும் தடிப்புதான் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. புது கேஸ்கட்டின் தடிப்பு வேறாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும்.